பச்சைக் கட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு தாள். ஒஸ்லோவில் எங்கள் ஆய்வுக் குழுவின் சந்திப்பு அறைச் சுவரில் அதை ஒட்டியிருந்தோம். மனச்சோர்வு உள்ளவர்களுக்காக நாங்கள் உருவாக்கிய கைபேசிச் செயலியைப் பங்கேற்பாளர்கள் எந்தெந்த நாளில் திறந்தார்கள் என்று காட்டும் தாள். திறந்த நாளுக்குப் பச்சைக் கட்டம், திறக்காத நாளுக்கு வெள்ளை. பெரும்பாலானோரின் வரிசை பச்சையாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் வெளுத்துவிடும். ஒரே ஒரு வரிசையில்தான் வெள்ளையே இல்லை. அது தமிழில் பயன்படுத்திய ஒரு பெண்ணுடையது. யார் வந்தாலும் எங்கள் பேராசிரியர் அந்த வரிசையைத் தொட்டுக் காட்டுவார்.

எனக்கும் அதில் பெருமை இருந்தது. செயலியில் ஒலித்த தமிழ்க் குரல் என்னுடையது. மதுரையிலிருந்து வேலைக்கு வந்திருந்த நான்தான் குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள். அந்தப் பெண்ணை ஆய்வில் சேர்த்ததும் நானே. மட்டக்களப்புக்காரர், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. ஊரில் தம்பி இறந்தபின் மருத்துவ விடுப்பில் வீட்டோடு இருந்தார். அக்கா என்றுதான் அழைத்தேன். சேர வந்த அன்று அவர் அதிகம் பேசவில்லை. கூட வந்திருந்த கணவர் பஸ் ஓட்டுநர்; அவரை அண்ணன் என்றேன். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவரே "ஓம், செய்வம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருப்பவர் ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் பிற்பகலிலும் செயலியைத் திறப்பது பதிவுகளில் தெரிந்தது. அது முறை மாற்றி வேலை பார்ப்பவரின் நேரம். நான் கவனித்தேன். தூக்கம் கெட்டிருக்கும் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். ஆறாம் வாரத்திலிருந்து பதில்கள் மோசமாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் முற்பகல், உயிரோடு இருப்பது பாரமாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு 'அடிக்கடி' என்ற பதில் வந்தது. அப்படி வந்தால் உடனே அழைக்க வேண்டும் என்பது விதி. குழுவின் செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தேன்.

"நானா?" என்றார் அக்கா. "நான் அதைத் தொடுறதே இல்ல தங்கச்சி. முதல் நாள் ஒருக்காக் கேட்டநான். விளம்பரம் சொல்ற மாதிரி இருந்திச்சு, விட்டுட்டன்." "அப்ப இவர்தான் அமத்துறார். என்ன அமத்தினவர்?"

செவிலியரைப் பார்த்தேன். சொல் என்று தலையசைத்தார். சொன்னேன்.

"அண்ணன் இப்ப எங்க இருக்காருக்கா?"

"பஸ்ஸில. ஓடக்குள்ள போன் எடுக்கமாட்டார்." நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "எந்த ரூட் எண்டு தெரியும். நான் போறன்."

மாதக்கணக்கில் தனியாக வெளியே போகாதவர், ரயில் ஏறிப் போய் ஒரு நிறுத்தத்தில் நின்று, கணவரின் பஸ்ஸுக்குள் ஏறினார். அதற்குள் செவிலியர் பஸ் நிறுவனத்துடன் பேசி, கடைசி நிறுத்தத்தில் வேறு ஓட்டுநரை நிற்கவைத்தார். அங்கிருந்து இருவரும் நேராகக் குடும்ப வைத்தியரிடம் போனார்கள்.

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இப்போது விடுப்பில் இருந்தவர் அண்ணன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏறினது ஆரெண்டு பாக்காமலே ஹெய் எண்டு வணக்கம் சொன்னநான்," என்றார். "பிறகு பாத்தா இவ. முன் சீற்றில இருந்தா. கடைசி ஸ்டொப் வரைக்கும் கண்ணாடியில பாத்துப் பாத்து ஓடினன்."

ஏன் அவர் அழுத்தினார் என்று கேட்டேன்.

"வைத்தியர் தந்ததைச் செய்யல்ல எண்டா, இவவுக்குச் சுகமாக விருப்பமில்ல எண்டு நினைப்பாங்க. இவவுக்கு நீங்க தந்த இரகசிய நம்பரை என்ட போனில போட்டன். கடைசி ஸ்டொப்பில நிக்கக்குள்ள, இவ என்ன சொல்லுவா எண்டு யோசிச்சு அமத்துவன். எப்ப மாறின எண்டு தெரியாது, பிறகு என்ட பதிலைத்தான் அமத்திக்கொண்டிருந்தன்." என்னைப் பார்த்தார். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லத்தானே தங்கச்சி. அது ஒவ்வொரு நாளும் கேட்டுது."

"நானும் கேக்கல்ல," என்றார் அக்கா, கோப்பையைப் பார்த்தபடி.

தம்பியின் சாவு அக்காவுடைய துக்கம் என்றே அந்த வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர் அண்ணன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் படிவத்தில் அதற்குக் கேள்வியே இல்லை. ஒருவர் எத்தனை முறை திறந்தார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று அத்தனையும் அளந்தோம். யார் கையில் கைபேசி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

அண்ணன் சில மாதங்கள் ஓர் உளவியலாளரிடம் போய்வந்தார். இப்போது மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். அக்கா வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். செயலியை இருவருமே தொடுவதில்லை.

இந்த வசந்தத்தில் ஆய்வை முடித்தோம். அந்தப் பச்சை வரிசை செல்லாது என்று நீக்கப்பட்டது. விலகிய ஒவ்வொருவருக்கும் காரணம் பதிய வேண்டும். ஆர்வம் குறைந்தது, நேரமில்லை, தொழில்நுட்பச் சிக்கல் என்று மூன்று தெரிவுகள் இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. நான்காவதான 'வேறு' என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் நோர்வேஜிய மொழியில் எழுதினேன்: வீட்டில் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பேராசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். மாற்றச் சொல்லவில்லை.