கசெட்டில் சொன்ன முடிவு

“ராத்தாவுக்கு வாசித்தாயிற்று, 12.3.1995.” அலுமாரியைத் துப்புரவாக்கியபோது கிடைத்த சித்திரக்கதையின் பின்னட்டையில் என் சிறுவயதுக் கையெழுத்து. வேற்றுக் கோளில் குடியேறியவர்களைப் பற்றிய தொடரின் கடைசிப் பாகம் அது. முந்தைய பாகங்களை என் மூத்த சகோதரியான ராத்தாவும் நானும் கல்முனை வீட்டில் ஒரே பாயில் குப்புறப் படுத்து வாசித்தோம். இது கைக்கு வருமுன் அவள் வீட்டு வேலைக்குச் சவூதிக்குப் போய்விட்டாள்.

ஆகவே படம் படமாகப் பார்த்துச் சொல்லி, கசெட்டில் பதிந்தேன். மா இடித்துக்கொண்டிருந்த உம்மா உலக்கையை நிறுத்திவிட்டுக் குறுக்கே புகுந்தார்.

“ரொக்கெட் கிடக்கட்டும் மகன், அவள் திண்டாளா எண்டு கேளு!”

“கசெட் எப்பிடி உம்மா மறுமொழி சொல்லும்?”

“நீ சும்மா கேளு!”

கேட்டேன்.

கதையின் முடிவில் விண்கப்பல் பழுதாகிவிடும்; ஒருவரும் பூமிக்குத் திரும்புவதில்லை. அதை ராத்தாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று முடித்து அனுப்பினேன்.

அதே வருடம் ராத்தா காய்ச்சலில் மௌத்தானாள். அங்கேயே அடக்கினார்கள். அவளுடைய உடுப்புகளோடு வந்த பையில் அந்தக் கசெட்டும் இருந்தது. நாடா பாதியில் நின்றிருந்தது. நான் சொன்ன முடிவை அவள் கேட்டாளா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.