பண்ணை வீட்டைத் தாண்டிய பேட்டரி வண்டி

எனக்குப் பதினோரு வயதானபோது எங்கள் ஊரில் சொந்தமாக நான்கு சக்கர வாகனம் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பண்ணை வீட்டுப் பெரியவர். இன்னொருவர் நான். அவருடையது கார். என்னுடையது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பேட்டரி நாற்காலி. அவர் காருக்கு டிரைவர் வேண்டும். என் வண்டியை நானே ஓட்டுவேன். இந்த வித்தியாசத்தை அந்தக் காலத்தில் நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

பிறக்கும்போதே என் கால்கள் எனக்காக உழைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அம்மா அதை ‘கால்ல பலம் பத்தல’ என்று சுருக்கிக்கொண்டாள். வண்டி வரும்வரை நான் ஊரைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்துதான். அதனால் ஊரில் யார் யாருக்கு உச்சியில் வழுக்கை விழுகிறது என்பதை அவரவர் பெண்டாட்டிக்கு முன்னால் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்வேன்.

தஞ்சாவூரில் பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு வண்டியைக் கொடுத்தார்கள். முதுகு சாயும் இடத்தில் தலைவர் சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. அப்பா அந்தக் கட்சி. எங்களோடு இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதிர்க்கட்சி. மாமா வீட்டுக்குள் வந்ததும் தோளில் இருக்கும் துண்டை எடுத்து அந்தப் படத்தின்மேல் போடுவார். அப்பா வந்ததும் துண்டை எடுத்துத் திண்டுக்குப் பின்னால் எறிவார். என் முதுகுக்குப் பின்னால் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்சி மாறும்.

வண்டியைக் கொடுத்த மெக்கானிக் பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஏறும்போதும் இறங்கும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பெல்ட் போடாமல் நகரக்கூடாது. குச்சியை முன்னால் தள்ளினால் போகும், கையை எடுத்தால் தானாக நிற்கும். பிரேக் என்று தனியாகத் தேட வேண்டாம். சரிவில் நேராக இறங்கு, குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். ராத்திரி முழுக்க சார்ஜ் போடு. தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. அப்பா தலையாட்டினார், அம்மா தலையாட்டினாள். காதில் வாங்கியவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து நான் அந்த வண்டியைப் பற்றி உபதேசம் பண்ணாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டால் கூடுதலாகச் சொல்வேன்.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது. அப்பா ஆண்டவனை நம்பாதவர் என்பதால் அந்த ஆறுதலும் அவருக்கு இல்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் அம்மா தூக்கத்திலேயே எழுந்துபோய் முதலில் என் வண்டிக்கு சார்ஜர் போடுவாள். பிறகுதான் செல்போன். மாமா செல்போனை முந்திச் சொருகிவிட்டால் வீட்டில் பெரிய கலவரமே நடக்கும்.

வண்டி இருந்தது, சார்ஜ் இருந்தது, ஓட்டத் தெரிந்தவனும் இருந்தான். பாதைதான் இல்லை. ஆறாம் வகுப்புப் பள்ளிக்கூடம் பண்ணை வீட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவிலிருந்து அங்கே போக, பண்ணை வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு பாதை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அதில் மாட்டுவண்டி போகுமாம். ஒவ்வொரு நடவுக்கும் பண்ணை ஆட்கள் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்குவார்கள். செதுக்கிய மண் வயலுக்குள் போகும், அதோடு பாதையும் போகும். இப்படி வருஷா வருஷம் இளைத்து, அது என் வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் மிஞ்சுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் போன பேட்டரி திரும்பி வராது. சைக்கிள் கேரியரில் எனக்குப் பிடிமானமாக உட்கார வராது. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் அப்பாவின் தோள்தான். அவருக்கோ இடுப்பில் வலி வந்துவிட்டது. அவருக்கு நடவு வேலை இருந்த நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. “இப்படியே போனா இந்த வருஷத்தோட நிறுத்திக்க வேண்டியதுதாங்க” என்று அம்மா ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மனு எழுதக் கிளம்பினார்.

தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார். பண்ணை சார்பில் அவர்கள் காரியக்காரர் வந்திருந்தார். அவர் சொன்னது: “அது பாதையே இல்லீங்க, வரப்பு. அந்தப் பையனுக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. பொம்மை மாதிரி உக்காந்திருப்பான், அப்பன்தான் தள்ளுவான். பையனைக் காட்டி நெலத்தைப் புடுங்கப் பாக்குறாங்க.”

தாசில்தார் சுருக்கமான மனிதர். அடுத்த வாரம் நேரில் வருகிறேன், யாரும் கை வைக்காமல் பையன் தானே அந்த வழியாக ஓட்டிக்கொண்டு வரட்டும், வந்தால் பாதை உண்டு, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் கவலைப்படாத ஒரே ஆள் நான். பொம்மை என்று சொன்னதுதான் ஆறவில்லை.

இடையில் ஆயுத பூஜை வந்தது. மாமா பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைக் கழுவ மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனவர், என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு என் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினார்.

“மாமா, இதுக்குத் தண்ணி ஆகாது.”

“டிராக்டரே தாங்குதுடா, இது என்ன வெல்லக்கட்டியா கரையறதுக்கு?”

“மெக்கானிக் சொல்லியிருக்காரு.”

“அழுக்கு வண்டிக்கு மாலை போடமாட்டேன். மாலை வேணுமா, வேணாமா?”

எத்தனையோ பேருடைய கொள்கை எந்த இடத்தில் விழுந்ததோ, என்னுடையதும் அங்கேயே விழுந்தது. மோட்டார் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதற்குப் பிறகு சந்தனம், குங்குமம். குச்சியின் குமிழிலும் ஒரு பொட்டு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சாமி கும்பிடாத அப்பா பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்றார். நான் மாலையோடு ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கக் குச்சியை முன்னால் தள்ளினேன்.

வண்டி முன்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே சுற்றியது. கையை எடுத்தேன். நிற்கவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றியது. கோழிகள் கூரைமேல் ஏறின. மாமா என்னைப் பிடிக்க வண்டியைச் சுற்றி ஓடினார். பார்ப்பதற்கு நவக்கிரகம் சுற்றுவது போல இருந்ததாம். “வண்டிக்கு அருள் வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு அம்மா கற்பூரத் தட்டோடு வந்தாள். மாலை பறந்துபோய் அப்பாவின் காலடியில் விழுந்தது. நான் சுவிட்சைத் தேடி அமுக்கியதும் அருள் இறங்கியது.

அப்பா மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“தண்ணி ஊத்துனீங்களா? ஏங்க, அதென்ன எருமை மாடா குளிப்பாட்டுறதுக்கு? ஆன் பண்ணி ஆன் பண்ணிப் பாக்காதீங்க, மொத்தமா போயிடும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுக் காயவிடுங்க. நல்லாக் காயணும்.”

மாமா ஒரு யோசனை சொன்னார். “நெல்லுக்குள்ள பொதைச்சு வெச்சா ஈரத்தை இழுத்துரும் மச்சான்.”

“நம்ம நெல்லே ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. அது இதைக் காயவைக்குமா?” என்றார் அப்பா.

கடைசியில் அம்மாதான் பொறுப்பெடுத்துக்கொண்டாள். மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தாள். கரண்ட் போனால் விசிறியால் வீசினாள். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட எனக்கு அப்படி யாரும் வீசியதில்லை. தாசில்தார் வரப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் ஒயரை மாட்டி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் குச்சியைத் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. கையை எடுத்தேன். நின்றது. ஆனால் நேராகப் போகாமல் இடதுபக்கம் இழுத்தது. பாதையில் இடதுபக்கம் வாய்க்கால்.

“இன்னும் ஈரம் இருக்கு. மனுவை வாபஸ் வாங்கிடலாங்க. புள்ளை தண்ணிக்குள்ள போயிடுவான்” என்றாள் அம்மா. சொல்லும்போதே அழுதாள்.

“ஈரமில்லம்மா. டயரைப் பாரு. இடது டயருல காத்து கம்மி. சக்கரம் ரெண்டும் ஒரே மாதிரி இல்லன்னா கம்மியா இருக்குற பக்கம் இழுக்கும்.”

மாமா குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். டிராக்டர் ஓட்டுகிற மனிதருக்கு அது கொஞ்சம் அவமானம்தான். போய்ச் சைக்கிள் பம்பை எடுத்துவந்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. நான் ஒருவரையும் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தெருவே திரண்டு வந்தது. ஆண்கள் எல்லோரும் அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சைக்கிளோடு வந்தார்கள். தாசில்தார் பளபளப்பான ஷூவோடு வந்தார். காரியக்காரர் குடையோடு வந்தார்.

“ஏன் தம்பி, விழுந்துட மாட்டியே?” என்றார் தாசில்தார்.

“நான் விழமாட்டேன் சார். நீங்க பாத்து வாங்க, வரப்பு வழுக்கும்.”

குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டினேன். இடதுபக்கம் வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர். வலதுபக்கம் நேற்று நட்ட பயிர். எனக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் தாசில்தார், அவர்களுக்குப் பின்னால், அப்பாவுடையதையும் சேர்த்து, சைக்கிள்களை உருட்டிக்கொண்டு தெரு. கொஞ்ச தூரத்தில் ‘சளக்’ என்று ஒரு சத்தம். தாசில்தாரின் ஷூ ஒன்று வயலுக்குள் இருந்தது. நான் சொல்லித்தான் இருந்தேன்.

நடுவில் ஒரு மதகு. பாதை அதன்மேல் ஏறி இறங்கும். ஏறியாயிற்று. இறங்கும்போது முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு நேராக விட்டேன். பாதிச் சரிவில் இடது சக்கரத்தின் கீழ் ஒரு பாளம் மண் பெயர்ந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. வண்டி சாய்ந்தது. பின்னால் அம்மா ‘ஐயோ’ என்றாள். அப்பாவின் கை என் தோளுக்குப் பக்கத்தில் வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். தொட்டால் போயிற்று. “தொடாதப்பா” என்று கத்திவிட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்தேன். வண்டி அந்தச் சரிவிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்க்காமல் நேராகப் பின்னால் கொஞ்சம் எடுத்து, வலதுபக்கம் தள்ளிக்கொண்டு, மறுபடியும் நேராக இறங்கினேன்.

பாதை முடிந்து தார்ரோட்டில் ஏறியதும் தாசில்தார் ஒற்றை ஷூவோடு காரியக்காரரைப் பார்த்தார். “ஓட்டத் தெரியாதுன்னுல்ல சொன்னீங்க? சர்வேயரை அனுப்புறேன். பாதை பழைய அகலத்துக்கு வரணும்.” காரியக்காரர் வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டார்.

தாசில்தார் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் சைக்கிளில் ஏறி, மணியை அடித்துக்கொண்டு, என் இரண்டு பக்கமும் வந்தார்கள். அப்பா வலதுபக்கம், மாமா இடதுபக்கம். மந்திரி வருவது போல இருந்தது. மந்திரி நான்தான்.

ரோடு திரும்பியது. பண்ணை வீடு வந்தது. வாசலில் பெரியவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உடனே மணிச் சத்தம் நின்றது. அப்பா இறங்கினார், மாமா இறங்கினார். எல்லோருமே சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தபடி போய்க்கொண்டிருந்தேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவன் வண்டியில் வர, மற்றவர்கள் நடந்து வருவதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பெரிய மனது பண்ணி உரக்கச் சொன்னேன்.

“பரவால்லப்பா. எல்லாரும் ஏறி ஓட்டுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. மாமா தாழ்ந்த குரலில், “அவன் இந்த வாசல்ல இறங்காமத்தானே போறான் மச்சான்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஒரு சைக்கிளில் ஏறுவதற்கு ஒரு மனிதர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. பெடலில் காலை வைத்தார், ஒரு தத்து தத்தினார், ஏறிவிட்டார். அடுத்து மாமா. அப்புறம் ஒவ்வொருவராக, பின்னால் கடைசி ஆள் வரைக்கும்.

ஏறிய அப்பா என் பக்கத்தில் வந்திருக்கலாம். வரவில்லை. எழுந்து நின்று மிதித்தார். இடுப்பு வலி என்றவர், வேட்டி படபடக்க, ஒரு கை மணியை விடாமல், என்னைத் தாண்டி, பண்ணை வீட்டு மதில் முழுவதையும் தாண்டிப் போனார். முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் நாள் அது. பாதையை ஜெயித்தவன் நான். என்னை முந்திக்கொண்டு அப்படி என்ன அவசரம்? அன்று பள்ளிக்கூட வாசலில், மூச்சு வாங்க, கண்ணெல்லாம் ஈரமாகக் காத்துக்கொண்டு நின்ற அப்பாவோடு நான் சாயங்காலம் வரை பேசவில்லை.