தடம் அழிக்கும் கால்

அவள் பார்க்கும் வேலையைச் சாப்பாட்டு மேசையில் விவரித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஊரார் சளியையும் மலத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவியதும் அதே கையால் பிஸ்கட் எடுத்துத் தின்பாள். அப்படிப்பட்டவளுக்குக் குமட்டல் வந்தது டென்னிஸ் களத்தில்.

நாற்பது தாண்டித்தான் ஆட வந்தாள். மேல்மாடியில் குடியிருக்கும் கணவனின் அக்கா, அதாவது இவளுடைய அண்ணி, ஜோடி கிடைக்காமல் இவளை இழுத்துக்கொண்டு போனார். முதலில் பந்தெல்லாம் வேலியைத் தாண்டித்தான் போனது. ஒருநாள் மட்டையின் நடுவில் சரியாகப் பட்டு, டொப்பென்று ஒரு சத்தம். கை வழியாகத் தோள்வரை ஒரு சுகம் ஏறியது. அன்றிலிருந்து லிஃப்டில் நிற்கும்போதுகூட வெறுங்கையை வீசிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை குனிந்து தப்பித்தார்.

களத்தின் உறுப்பினர் அட்டை அண்ணியுடையது. காரும் அண்ணியுடையது. புளுகும் அண்ணியுடையதுதான், ஆனால் அதில் இவளுக்கும் பாதிப் பங்கு விழுந்தது.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பக்கத்தவரே சொல்ல வேண்டும். ஜோடிக்குள் கருத்து வேறுபட்டால் பந்து உள்ளே என்றே கணக்கு. செம்மண் தரை என்பதால் தடமும் இருக்கும். சந்தேகமென்றால் எதிராளி வந்து பார்க்கலாம். அண்ணி அதற்கு இடம் கொடுப்பதில்லை. உள்ளே விழுந்த பந்துக்கும் அவுட் என்று விரலைத் தூக்கிக்கொண்டே போய், எச்சில் துப்பிவிட்டுக் காலால் தேய்ப்பவரைப் போலத் தடத்தைத் தேய்த்துவிடுவார். ஷூ மண்ணில் அரையும் அந்தச் சத்தமே இவள் வயிற்றைப் புரட்டும். பிறகு, தான் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அண்ணி நீட்டுவார். தாகமில்லை என்பாள்.

எதிரே ஆடுபவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவர் தங்கையும். நாள் முழுக்க ரோட்டில் போட்ட சத்தம் போதாதா, இங்கேயும் எதற்கு என்று டிரைவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு இவளை இன்னும் கூசவைத்தது. ஆனால் வாயைத் திறந்தால் அட்டை போகும், கார் போகும், ஞாயிற்றுக்கிழமையே போகும். மாடிப்படியில் முகம் பார்க்க முடியாது. கணவன் இரண்டு பக்கமும் தலையாட்டியே களைத்துப்போவான். வாயை மூடிக்கொண்டாள்.

டிரைவரின் தங்கை புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தவள். உருப்படியாக ஒரு பந்தும் அடித்ததில்லை. அந்த ஞாயிறு ஓடிப்போய் மட்டையை வீசினாள். பந்து மூலையில், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. நம்ப முடியாமல் அவள் மட்டையையே பார்த்தாள். அவள் தோளில் என்ன ஏறியிருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

"அவுட்" என்றபடி அண்ணி மூலைக்கு நடந்தார்.

இவள் முந்திக்கொண்டு போய்த் தன் மட்டையைத் தடத்தின்மேல் கவிழ்த்தாள்.

"கால வைக்காதீங்க அண்ணி. உள்ளதான் விழுந்துச்சு."

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "நீ யாரு பக்கம் ஆடுற?"

"உங்க பக்கந்தான். அதான் அருவருப்பா இருக்கு."

டிரைவர் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. கார் இவளை ஏற்றாமலே கிளம்பியது. நடந்து வீடு சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. ஒரு பந்துக்காகவா இவ்வளவு என்று கணவன் கேட்டான். இவள் குளிக்கப் போய்விட்டாள். அந்த வாரம் லிஃப்டில் கை அசையவே இல்லை.

அடுத்த ஞாயிறு கீழே ஹாரன் கேட்டது. அண்ணியோடு ஜோடி சேர வேறு யாரும் தயாரில்லை. இவள் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிரைவர் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. அண்ணியின் விரல் பாதியில் நின்றது, இவளைப் பார்த்தார்.

"வெளியதான்" என்றாள் இவள். வெளியேதான் விழுந்திருந்தது. டிரைவர் தடம் பார்க்க வரவில்லை. தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

அண்ணி மட்டும் பழக்கம் விடாமல் போய், அந்த யோக்கியமான தடத்தையும் காலால் தேய்த்தார். இவள் முகம் சுளித்தாள். மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்துக்குக் குனிந்தாள்.