பெட்டிக்குப் பார்த்த வைத்தியம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சுருதிப் பெட்டியைப் போட்டபோது ஒரு சுரம் இரண்டாக வந்தது.

சுருதிப் பெட்டி என்பது தம்புராவுக்குப் பதிலாக மேசையில் வைத்துக்கொள்ளும் சின்ன மின்பெட்டி. பாடுகிறவன் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதை அது விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். நான் பாடுவது ஒன்றரைக் கட்டைச் சுருதியில். பெட்டியின் திருகு அங்கேதான் இருந்தது. ஆனால் ஒரு ஒலி வழக்கமான இடத்தில் நிற்க, இன்னொன்று அதற்குச் சற்று மேலே, ஒட்டியும் ஒட்டாமலும் நின்று நச்சரித்தது. பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் இரண்டு.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஈஸ்ட் ஹாமில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிற வேலை. நாற்பத்தொன்பதாவது வயதில் திடீரென்று பாட்டுப் படிக்க வேண்டும் என்று விசர் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் படிக்கிற வயதில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தோம், லண்டன் வந்து முதல் இருபது வருடம் ஷிப்டுக்குள் இருந்தோம், இனியாவது என்று போய்ச் சேர்ந்தேன். கிங்ஸ்பரியில் டீச்சர் வீட்டு முன்னறையில், சனிக்கிழமைகளில், பிள்ளைகளின் வகுப்பு முடிந்த பிறகு பெரிய ஆட்கள் ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்காருவோம். டீச்சருக்கு எங்கள் எல்லோரையும்விட வயது குறைவு. முழங்கால் வலிக்கிறது என்று யாராவது முனகினால் மட்டும் சிரிப்பார், சுருதியில் சிரிப்பே கிடையாது.

என் மனைவிக்கு வேறு விசர். சாரிக்கு பிளவுஸ் தைப்பது. கழுத்து வெட்டு, கை வெட்டு, முதுகில் கயிறு வைப்பதா பட்டன் வைப்பதா என்று யாரோ அறியாத பெண்களின் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். காலையில் நான் சுருதி போடும் நேரத்தில்தான் அவளுக்கும் மெஷின் ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே பிளக்கில்.

"உம்மடை மெஷினாலைதான் சுருதி ஆடுது," என்றேன் அன்றைக்கு.

"மெஷின் நிக்குது. நான் இன்னும் காலே வைக்கேல்லை," என்றாள்.

ஆனாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். போகும்போது ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை, கோபத்தில் வாய்க்குள் முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடக்காது காலையிலிருந்தே அடைத்திருந்தது. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல. முந்திய கிழமை மூக்கடைத்துத் தடிமன் வந்து போனது, அதன் மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை கடையில் போன் வந்தபோது மறுமுனையில் ஆளே இல்லை. லைன் சரியில்லை என்று திட்டிக்கொண்டு மறுகாதில் வைத்தேன், ஆள் இருந்தார். வியாழக்கிழமை முழுவதும் தூரத்தில் எங்கோ பிரஷர் குக்கர் சீறுவதுபோல ஒரு சத்தம். பிரிட்ஜைப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டில் பாதித் தெரு கடந்தபோது இடப்பக்கத்திலிருந்து வந்த பஸ் என் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஓட்டுநரின் வாய் மட்டும் கண்ணாடிக்குள் அசைந்தது. ஒரு நகைக்கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஏதோ ஒன்று, இது தடிமன் இல்லை, இது தடிமன் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவன் என்ன செய்வான்? பயப்படத் தேவையில்லாத ஒரு காரணத்தைத் தேடுவான். என்னிடம் கைவசம் ஒரு பெட்டி இருந்தது.

சனிக்கிழமை டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் மேலை நிக்கிறியள்."

மறுபடி பாடினேன். மறுபடி நிறுத்தினார். மற்ற நாலு பேரும் தங்கள் கொப்பிகளைப் பார்த்தார்கள். டீச்சரின் பெட்டியும் எனக்கு இரண்டாகத்தான் கேட்டது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"வீட்டிலை எந்தப் பெட்டியோடை பாடுறனீங்கள்?"

"அது பழுது, டீச்சர். ரெண்டு சுரமாக் கேக்குது. இப்ப இஞ்சையும் அப்பிடித்தான் கேக்குது."

"அதோடை பாடாதேங்கோ. பிழையான சுருதியிலை பாடிப் பழகினாக் காது பழுதாப்போகும். முதல்லை பெட்டியைத் திருத்துங்கோ. பிறகு காது தானாச் சரிவரும்."

பாட்டுப் படித்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். கெட்ட சுருதியோடு பாடினால் செவி கெடும் என்பது எங்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படுவது. கெட்டது செவிதான், சுருதி இல்லை என்று தலைகீழாக யோசிக்க ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கோ அந்தச் சொல் தேன்போல இருந்தது. பெட்டியைத் திருத்தினால் போதும்! மூன்று கிழமையில் நவராத்திரிக்கு வாணி விழா. ஐந்து பேரும் சேர்ந்து பாடுவதற்கு முன்னால் நான் தனியாக ஒரு விருத்தம் பாடுவதாக ஏற்பாடு. நாலு வருடப் படிப்புக்கு முதல் மேடை அது.

வகுப்பில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வரும் அண்ணை ஒருவர் இருக்கிறார். இளைப்பாறிய மின்திருத்துநர். பாட்டு அவருக்கு இரண்டாவது விசர்தான், முதல் விசர் விஞ்ஞானம். வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் பழைய ரேடியோக்களும் அளக்கிற கருவிகளும் அடுக்கி வைத்துக்கொண்டு, அலை, அதிர்வு என்று யாரைக் கண்டாலும் பிடித்துவைத்து விளக்குவார்.

"தாரும் தம்பி, நான் திறந்து பாக்கிறன்," என்று பெட்டியை வாங்கினார். ஆசைப்பட்ட விளையாட்டுச் சாமான் கைக்கு வந்த முகம்.

பெட்டி அவரிடம் இருந்தது ஒரு கிழமை. இடப்பக்கத்துச் சீறல் கூடியது. சாப்பாட்டு மேசையில் என்னை அறியாமலே கதிரையை மாற்றிப் போட்டேன். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காசு கொட்டுவதுபோலத் தகரச் சத்தம். மனைவி, "காதிலை என்ன பிரச்சினை? டொக்டரிட்டைப் போங்கோவன்," என்றாள். காலை எட்டு மணிக்கு போன் எடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும், எனக்கு எட்டு மணிக்கு வேலை என்றேன். உண்மை அதுவல்ல. டொக்டர் ஒரு பெயர் சொல்லிவிடுவார் என்று பயம். பெயர் இல்லாத வரைக்கும் அது பெட்டிக்கு வந்த வருத்தம்தான், எனக்கு வந்தது இல்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்பே பார்க்கிங்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். பெட்டி மூடி போட்டு மேசையில் இருந்தது. பக்கத்தில் ஒரு திரையில் பச்சைக் கோடு ஒன்று அலை அலையாக, ஆடாமல் அசையாமல் நின்றது.

"மூண்டு நாளாத் தேடினன். ஒரு பிழையும் இல்லைத் தம்பி. பாரும், ஒரே அலை. அச்சொட்டா ஒன்றரைக் கட்டை."

"எனக்கு இப்பவும் ரெண்டு கேக்குது, அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். 

"இடக்காதைப் பொத்தும். எப்பிடி?"

"ஒண்டுதான். சரியா இருக்கு."

"இப்ப வலதைப் பொத்தும்."

பொத்தினேன். பெட்டி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மெலிந்து, தகரம்போல, சற்று மேலே தள்ளி, வேறு ஏதோ ஒரு சுரம் கேட்டது. அதற்குமேல் சீறல். விரலை எடுத்தேன். சரியான சுரம் வலப்பக்கத்தால் திரும்பி வந்தது. மறுபடி பொத்தினேன், போய்விட்டது. மூன்றாம் முறை பொத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

"தம்பி, இது பெட்டி இல்லை. வெளிக்கிடும்," என்றார். கார்ச் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் முழுக்க அண்ணை என் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ ஆறுதல் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். காது பார்க்கிற இளம் டொக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்தார். நடு நெற்றியில் வைத்த ஒலி வலது காதுக்குள் மட்டும் ஓடியது. பிறகு ஒரு சின்ன அடைப்பறைக்குள் இருத்தி, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலதில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சோதனை செய்த பெண் நிறுத்தவில்லை. அவளுடைய விரல் அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அசைவும் எனக்குக் கேட்காத ஒரு சத்தம்.  கேட்காமலே ஒருதரம் அழுத்தினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய்யாக அழுத்தினேன்.

டொக்டர் கடைசியாகத்தான் அதைக் கேட்டார். எப்போது தொடங்கியது?

பதினொரு நாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. உட்காதின் நரம்பு திடீரென்று பாதிக்கப்படுவது இது, முதல் சில நாட்களுக்குள் வந்தால் மாத்திரைக்குப் பலன் கூட, இப்போதும் தருகிறேன், வாக்குறுதி தர முடியாது என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமையாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை நாளும் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்டது மனைவி. வேலை உடுப்போடு ஓடி வந்தவளுக்கு அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். அவள் என் வலப்பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள்.

"பெட்டிக்கு வைத்தியம் பாத்திருக்கிறியள்," என்றாள். "என்ரை மெஷினைக் குசினிக்குக் கலைச்சியள். காதைப் பாக்கேல்லை."

அழுதாள். நானும் அழுதேன். அண்ணை போய் மூன்று தேநீர் வாங்கி வந்தார், ஒருவரும் குடிக்கவில்லை.

மாத்திரை போட்டேன். தாழ்ந்த சத்தங்கள் கொஞ்சம் திரும்பி வந்தன. மேலே உள்ளவை வரவே இல்லை. வாணி விழாவில் பாடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, அண்ணை தொடையில் போட்ட தாளத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் காதைப் பற்றிய விஞ்ஞானப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன், படத்தோடு. காதின் உள்ளே நத்தை ஓடுபோன்ற உறுப்புக்குள் வரிசையாக நிற்கும் அந்த நுண்மயிர்கள் போனால் திரும்ப முளைக்காது என்ற பக்கத்தோடு மூடிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது எனக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. மனைவி குசினியில் இருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்க்கிறேன். பதினாறு வயதில் ஷெல் கிளம்பும் குத்துச் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் விழும் என்று சொல்லி, வீட்டாரைப் பங்கருக்குள் தள்ளியவன் நான். அவ்வளவு சத்தத்தையும் தாங்கிய காது, ஒரு தடிமனுக்குப் பின்னால், படுக்கையில், சத்தமே இல்லாமல் போனது. மற்றக் காதும் இப்படிப் போகுமா என்று டொக்டரைக் கேட்டேன். மிகவும் அரிது என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

அதனால் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை பெட்டியைப் போடுவது. சரியாக ஒரு சுரம், ஒன்றரைக் கட்டை, வலது காதில். மனைவி மெஷினைத் திரும்ப அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். துணியை ஊசிக்குக் கீழே வைத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். "சரியோ?" என்பாள். "ஓம்," என்பேன். அதன் பிறகுதான் மிதிப்பாள். பாட்டு வகுப்புக்கு மீண்டும் போகிறேன். மெல்லப் பாடுகிறேன்.

போன வியாழக்கிழமை பெட்டியைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

திருகைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. கை தானாக வலது காதுக்குப் போனது. ஒருகாலத்தில் எல்லாப் பழியையும் பெட்டியில் போட்டவனுக்கு இப்போது பெட்டியின் நினைப்பே வரவில்லை. போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

"என்ன? என்னப்பா? என்ன நடந்தது?"

வலப்பக்கத்தால், தெளிவாக, அவளுடைய குரல். ஒவ்வொரு சொல்லும் முழுதாக. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், குனிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்த வயரை எடுத்தாள். முதல் நாள் பின்னேரம் பிளவுஸுக்கு அயன் பண்ணப் பிளக்கைக் கழற்றியிருக்கிறாள்.

மாட்டினாள். சுரம் வந்தது. பிறகு போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, துணியை வைத்து, காலைத் தூக்கிப் பிடித்தாள். 

"சரியோ?"

ஒரு முழு மூச்சு அந்தச் சுரத்தைக் கேட்டேன். அவள் மிதிக்கவில்லை.

"ஓம்," என்றேன்.