வாய் திறந்தவர்களின் வாக்கு

கன்னத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டி, இனி இந்த ஆளால் ஒரு வார்த்தை பேச முடியாது என்று உறுதியான பிறகுதான் பல் டாக்டர் கேட்பார்.

“நீங்களே சொல்லுங்க. நம்ம பழைய காரை வெச்சுக்கலாமா, புதுசுக்கு மாத்திக்கலாமா?”

மல்லாந்து கிடப்பவர் என்ன சொல்வார், பாவம். “ஆங்” என்பார். ஒரு ‘ஆங்’ வந்தால் மாற்றலாம் என்று பொருள். இரண்டு வந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். தொண்டைக்குள்ளிருந்து ‘ம்ஹ்ம்’ என்று உருண்டு வந்தால் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தலையை ஆட்டினால் அந்த வாக்கு செல்லாது. ஆடாமல் இருக்கச் சொல்லி அதட்டல்தான் விழும். இந்தச் சட்டதிட்டங்களை எல்லாம் வகுத்தவர் டாக்டரே. யாரையும் கலந்துகொள்ளவில்லை.

வாக்குகளைக் குறித்து வைப்பது சிஸ்டரின் வேலை. இருபது வருஷமாக அவரோடு இருக்கும் அந்த அம்மாள், அப்பாயின்ட்மென்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து, ‘வெச்சுக்கோ’, ‘மாத்து’ என்று இரண்டு தலைப்பு போட்டிருந்தார். முகத்தில் மட்டும் தலைவிதியே என்ற பாவம்.

ஒரு நாள் கணக்கு வாத்தியார் ஒருவர் படுத்திருந்தார். டாக்டர் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இயந்திரத்தைப் பல்லில் வைத்ததும் மனுஷன் கால் இரண்டையும் உதறிக்கொண்டு அலறினார்.

“பாருங்க சிஸ்டர், வாத்தியார் எவ்வளவு அழுத்தமா சொல்றாரு. மாத்து பக்கம் ஒண்ணு போடுங்க.”

“அவர் காரைப் பத்திச் சொல்லலை டாக்டர். இன்னும் மரத்துப் போகலையாம்.”

டாக்டர் பதறிப்போய் இன்னொரு ஊசி போட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் போட்ட கோட்டை அழிக்கச் சொல்லவில்லை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. கறுப்பு மையின் தயவில் மீசைக்கு மட்டும் நாற்பது. கடைத்தெருவில் வணக்கம் சொல்பவர்களை அடையாளம் தெரியாமல் விழிப்பார், அவர்கள் சிரித்துவிட்டால் போதும், “அடடே, மேல்வரிசை இடது பக்கம் நாலாவது பல்லு. எப்படி இருக்கு?” என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். பல்லைத்தான் விசாரிக்கிறாரே தவிர ஆளை இல்லை. இருந்தாலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கை அவ்வளவு சுத்தம். வலியில்லாமல் வேலையை முடித்து அனுப்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அந்த வாத்தியார் விஷயத்தைத் தவிர.

கார் என்று அவர் சொல்வது இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. வாங்கியபோது நல்ல சிவப்பு; இப்போது செங்கல் நிறம். முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு எழும்பி வரும் ரகம். அதில் ஒன்று உடனே எழும்பும். மற்றது யோசித்து, கொட்டாவி விட்டுவிட்டு எழும்பும். தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வாக இருப்பதால் பக்கத்தில் பஸ் வந்து நின்றால் டாக்டருக்குச் சக்கரம்தான் தெரியும். அதை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் முகத்தில் வரும் அசட்டுச் சந்தோஷத்தை வேறெந்த நேரத்திலும் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தன் கையாலேயே துடைப்பார். பெற்ற பெண்ணின் கல்யாணத்தன்றுகூட வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டு அலைய வேண்டும்?

ஷோரூம்காரர் ஒருவர் ஆசை காட்டிவிட்டார். பழையதைக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியின் புது ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளலாம். கத்திமுனை மாதிரி முகப்பு, பட்டனை அழுத்தினால் கூரை தானே மடியும், கியர் தானே மாறும். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். டாக்டர் பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஷோரூம்காரரின் மூக்கு கண்ணாடிக்கு முக்கால் அடி முன்பு வரை போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு இடது காலைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். சும்மா சொல்லக்கூடாது, கால் சொர்க்கத்தில் இருந்தது.

விஷயமே அதுதான். டாக்டரின் இடது முழங்கால் எட்டு மாதமாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. கிளட்சை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே யாரோ ஊசியால் குத்துகிற மாதிரி வலி. அதைக் காதும் காதும் வைத்தாற்போல மறைத்துவந்தார். கிளினிக் மாடியில் இருக்கிறது, பதினாலு படி. ஏழாவது படியில் நின்று செல்போனை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒரு செய்தியும் வந்திருக்காது. வீட்டிலிருந்து கிளினிக்குக்கு இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் ஐந்து சிக்னல். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பினால் உயிர் போய்விடும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையில் ஏழு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவார். கேட்டால், “காத்து வாங்கிட்டு வர்றேன்” என்பார்.

முழங்கால் வலி என்று சொல்ல வாய் வரவில்லை. கார் பழசாகிவிட்டது என்று சொல்வது சுலபமாக இருந்தது. பழி காரின் மேல் விழுந்தது.

ஷோரூம்காரர் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளினிக்குக்கே வருவதாக ஏற்பாடு. டாக்டர் கையெழுத்துப் போட்டால் சிவப்புக் காரை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் கோடுகளை எண்ணிச் சொன்னார். வெச்சுக்கோ பத்தொன்பது, மாத்து இருபத்து நாலு.

“அப்ப ஜனங்க தீர்ப்பு கொடுத்துட்டாங்க” என்றார் டாக்டர். குரலில் ஜெயித்தவரின் களை இல்லை.

“வீட்ல கேட்டீங்களா டாக்டர்?” என்றார் சிஸ்டர்.

டாக்டர் கைகழுவப் போய்விட்டார். நாற்பத்து மூன்று பேரிடம் கேட்டவர், வாயில் பஞ்சு இல்லாத ஒரே ஆளிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த ஆள் அவருடைய மனைவி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். முப்பது வருஷத்தில் எண்ணூறு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெருவில் யாராவது ஒழுங்காக இன்டிகேட்டர் போட்டுத் திரும்பினால் அது பெரும்பாலும் அவருடைய மாணவராகத்தான் இருக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கூட, திரையில் கார் வேகமாக வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். இவ்வளவு பெரிய குருவை டாக்டர் தன் காரில் பக்கத்து இருக்கையில்தான் உட்கார வைத்திருக்கிறார். சாவியைக் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்காததால் ஆசையில்லை என்று டாக்டர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி அப்பாயின்ட்மென்ட்டில் ‘பெண், ஐம்பத்தெட்டு வயது, கடைவாய்ப் பல்’ என்று சிஸ்டர் எழுதியிருந்தார். பெயர் இல்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டது டாக்டரின் மனைவி.

“நீ எங்க இங்க?”

“பல்லுதான்.”

“வீட்ல சொல்லியிருக்கலாமே. சரி, வாயைத் திற.”

“திறந்தா நீங்க பேச ஆரம்பிச்சுடுவீங்க. நான் முதல்ல பேசிடறேன்.”

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டை மறுபடியும் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“நாற்பத்து மூணு பேர்கிட்ட கேட்டிருக்கீங்க. லிஸ்ட்டைப் பார்த்தேன். அதுல என்னைக் காணோம்.”

“அது சும்மா பேச்சுவாக்குல கேட்டதும்மா.”

“வண்டிக்கு என்ன குறை?”

“பழசாயிடுச்சு.”

“முழங்கால் எத்தனை மாசமா?”

டாக்டர் தட்டிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்தார், வைத்தார், கொக்கியை எடுத்தார், அதையும் வைத்தார். “யார் சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? நாள் முழுக்க அடுத்தவங்க இடது காலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க கிளட்சை விடற லட்சணம் வீட்டுக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிற எனக்குத் தெரியாதா? போன புதன்கிழமை சுத்துரோட்டுல உங்களுக்குப் பின்னாடி வந்தேன். புதுசா கத்துக்கற பொண்ணு ஒண்ணு ஓட்டிட்டிருந்தா. அவ கேக்கறா, ‘மிஸ், முன்னாடி போறவரும் எல் போர்டா’ன்னு.”

சிஸ்டர் சட்டென்று குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தத்தில் சிரிப்பை மறைத்தார். டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டது. நோயாளிகளுக்காகப் போட்டிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எட்டு மாசமா” என்றார் மெதுவாக. “சிக்னல்ல நின்னு கிளம்பினா உயிர் போகுது. அதைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனா கால் வலின்னு சொல்லிட்டா நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கிழவனாக்கி மூலைல உட்கார வெச்சுடுவீங்க.”

“வண்டியைக் கொடுத்துட்டா மட்டும் குமரனாயிடுவீங்களா?”

மனைவி நாற்காலியில் சற்று நிமிர்ந்துகொண்டார். பிறகு ஏதோ காய்கறி வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னார்.

“நான் ஓட்டறேன்.”

“நீயா? அந்த வண்டியையா?” டாக்டர் எழுந்தே விட்டார். “கத்துக்கொடுக்கறது வேற, ஓட்டறது வேற.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. ஆனால் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை.

“ஆமா, வேறதான். அதனாலதான் கேக்கறேன். முப்பது வருஷமா நான் உட்கார்ற பக்கம் பிரேக் இருக்கு, கிளட்ச் இருக்கு. ஸ்டியரிங் இல்லை. அந்தச் சிவப்பு வண்டி முதல் நாள் வீட்டு வாசலுக்கு வந்தப்பவே கேட்டிருக்கணும். நீங்க பூரிச்சுப்போய் நின்னீங்க. விட்டுட்டேன்.”

அகப்பட்டுக்கொண்டால் டாக்டர் செய்வது ஒன்றுதான். கையுறையை மாட்டினார்.

“பல்லு எந்தப் பக்கம் வலிக்குது?”

“எந்தப் பல்லும் வலிக்கலை. அப்பாயின்ட்மென்ட் வாங்கினாத்தானே நீங்க அரை மணி நேரம் ஓரிடத்துல நிப்பீங்க?”

இருந்தாலும் வந்தது வந்தாயிற்று என்று பார்த்தார். கீழ்வரிசையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கத்தான் செய்தது. மனுஷன் குஷியாகிவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டார், பஞ்சைத் திணித்தார், குழாயை மாட்டினார். வாய் அடைந்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. குரலைத் தேனாக்கிக்கொண்டு கேட்டார்.

“அப்ப புதுசுக்கே மாத்திடலாம்தானே?”

கையுறைக்குள் இருந்த ஆட்காட்டி விரலின் மேல் இரண்டு வரிசைப் பற்களும் மெதுவாக இறங்கின. வலிக்கவில்லை. ஆனால் விரலை எடுக்கவும் முடியவில்லை.

“சரி, சரி. விடு” என்றார் டாக்டர். சிஸ்டர் நோட்டை எடுத்து, ‘வெச்சுக்கோ’ பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தையே கிழித்துக் குப்பையில் போட்டார்.

ஒரு மணிக்கு ஷோரூம்காரர் காகிதங்களோடு வாசலில் நின்றார். டாக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் செல்போனைப் பார்க்காமல், ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் மரத்துப்போன கன்னத்தோடு மனைவி.

“பேனா கொடுக்கட்டுமா சார்?”

“வேண்டாங்க. கொடுக்கறதா இல்லை.”

“வீட்ல ஒத்துக்கலையா சார்?” என்று ஷோரூம்காரர் அனுதாபத்தோடு கேட்டார்.

“வீட்ல ஓட்டப் போறாங்க.”

சாவி டாக்டரின் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. மனைவி அவசரப்படவில்லை, முதல் நாள் பயந்து நடுங்கும் எத்தனையோ பேரைப் பார்த்தவர். தானாக வரட்டும் என்று நின்றார். வந்தது.

அவர் உள்ளே உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடிகளைத் திருத்தினார். கியர்த்தண்டை இரண்டு பக்கமும் ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். என்ஜின் ஒரே தட்டலில் உயிர் பெற்றது. டாக்டர் ஓட்டுநர் பக்கக் கதவு வரை போய்விட்டு, நினைவு வந்து, காரைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் குனிந்து தன்னைத் திணித்துக்கொண்டார். காலை நீட்டினார். நீட்ட இடம் இருந்தது.

“பெல்ட்” என்றார் மனைவி, கன்னம் மரத்த குழறலோடு, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

டாக்டர் ஓட்டிப் பழகிய தோஷத்தில் கையை வலது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் பெல்ட்டைத் துழாவினார். கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டித் துழாவினார். மனைவியின் சட்டைக் கைதான் அகப்பட்டது.