சுக்கான் முன்னால் இருக்கிறது

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ரெஜினா அக்கா போயிட்டாவளாம்" என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னபோது, மகள் மலரின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நம் துறைமுக அலுவலகத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசை எனக்கு. அவருடைய சிரிப்புச் சத்தத்தை, கூட வேலை பார்த்த நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த அஞ்சலியைப் பிந்தித்தான் எழுதுகிறேன், முந்தி முடியவில்லை.

இளம்பிள்ளை வாதத்தில் மலரின் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. விழுந்துவிடுவாளோ என்று இடுப்பைவிட்டு இறக்கவே பயப்படுவேன். கப்பலில் வேலை பார்க்கும் அக்காவின் தம்பி ஒருமுறை வெளிநாட்டிலிருந்து நீளமான சக்கரப் பலகை ஒன்று கொண்டுவந்தார். அங்கே பிள்ளைகள் அதில் நின்றபடி ஓட்டுவார்களாம். "நம்ம பிள்ள இருந்துக்கிட்டு ஓட்டட்டும்" என்றார் அக்கா.

பலகையின் அடியில் முன்னும் பின்னும் சக்கர அச்சு. அதில் ரப்பர் வளையங்கள். ஆள் சாய்கிற பக்கம் ரப்பர் நசுங்கி, சக்கரம் திரும்பும். மலரின் எடைக்கு அந்தக் கெட்டி ரப்பர் அசையவில்லை. தம்பியிடம் உடைந்து கிடந்த வேறொரு பலகையிலிருந்து மிருதுவான வளையங்களைக் கழற்றி, அக்கா பின் அச்சில் மாட்டினார். அவர் படகோட்டும் வள்ளக்காரர் வீட்டுப் பெண். வள்ளத்தைத் திருப்பும் சுக்கான் பின்னால்தானே இருக்கும்!

மாதா கோயில் சிமெண்டு முற்றத்தில் பலகை வாலை ஆட்டி ஆட்டிப் போய், மலரை ஓரத்து மணலில் கவிழ்த்தது.

"போதும்க்கா! எம்பிள்ளைய விட்டுருங்க" என்று கத்தினேன்.

அக்கா பலகையைப் புரட்டிப் பார்த்தார். "ஏளா, இது வள்ளம் இல்ல. இந்தச் சனியனுக்குச் சுக்கான் முன்னால இருக்கு!"

வாயில் மணலோடு மலர் சிரித்தாள். "அத்தை, இன்னொருக்க!"

மிருதுவான வளையங்கள் முன்னுக்கும் கெட்டியானவை பின்னுக்கும் மாறின. வளையங்களை அழுத்தும் மரையாணியை அக்கா ஸ்பானரால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தினார். நான் பலகையில் ஒரு கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கயித்த விடுளா. நீ இழுத்துப் பிடிச்சா அவ எங்கன சாய்வா?"

விட்டேன். மலர் கைகளால் உந்திப் போனாள். கொடிமரத்தருகே சாய்ந்தாள், திரும்பினாள், என்னிடமே வந்தாள்.

அக்காவின் அடக்கத்தன்று மலர் அதே பலகையில் வந்தாள். கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து பெட்டியருகே அவளாகவே போய்ச் சேர்ந்தாள். அக்கா நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கயிறுதான். இப்போது அதில் மலரின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது.