கடல் பாடத்துக்கு அம்மா வந்த நாள்

எனக்குத் தண்ணியில் கண்டம் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஜோசியக்காரர் சொன்னாராம். எந்த ஜோசியக்காரர், எப்போது சொன்னார் என்று கேட்டால் பதில் வராது, முறைப்புதான் வரும். தண்ணியில் கண்டம் என்றால் தினமும் குளிக்காமல் இருக்கலாம்தானே என்று ஒருமுறை நியாயம் பேசிப் பார்த்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. ஆகவே கண்டம் கடல் தண்ணீரில் மட்டும்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. எனக்கு ஐந்து வயதில் அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று மூன்று பேர்தான். அம்மாவுக்கு ஜாசின் பசாரில் காய்கறிக் கடையில் வேலை; மாமா லோரி ஓட்டினார். மலாக்காவில் இருப்பவர்களுக்குக் கடல் ஒரு தூரமா? ஆனாலும் பதினொரு வயது வரை நான் அதைப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாகத்தான். அதுவும் முழுதாக இல்லை. கடலோரச் சாலை வந்ததுமே அம்மா என் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிடுவாள். கடலோரத்து உம்பாயில் சுட்ட மீன் சாப்பிடப் போகலாம் என்று மாமா கூப்பிட்டால், "மீனுதானே? வாங்கிட்டு வா, வீட்டுலயே சுட்டுத் தரேன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்களுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். அம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கிறோமே என்று அவருக்கு எங்கள் மேல் ஒரே ஆற்றாமை. வகுப்புக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் ஒரு காகிதக் கப்பலை விட்டு, இது எங்கே போகும் என்று கேட்டார். சாக்கடைதானே, எங்கேயாவது போகும் என்றோம். லோங்காங்கிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு என்று பலகை முழுக்க நீலச் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினார். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "சோப்புத் தண்ணிய மெதுவா ஊத்தும்மா, மீனுக்குக் கண்ணு எரியும்" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பலகையில் பார்த்தது போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போக டீச்சர் ஏற்பாடு செய்தார். வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி அனுமதிப் பாரம் கொடுத்தார். அம்மா அதைப் பாதிகூடப் படிக்கவில்லை. கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் அழுதேன். மூன்றாவது வேளை கோழிக்குழம்பு என்பதால் சாப்பிட்டுவிட்டு அழுதேன்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் பாரத்தை வெளியே எடுத்தார். "பெற்றோர் அல்லது காப்பாளர்னு போட்டிருக்கு. நான் காப்பாளர் இல்லையா? ஒனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர்றது யாருலா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். சனிக்கிழமை பள்ளியில் கூடுதல் வகுப்பு என்று நான் அம்மாவிடம் சொன்னேன். மாமா கூசாமல் ஆமாம் போட்டார்.

கடலை முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். அது பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது. டீச்சர் எங்களைச் சும்மா விடவில்லை. தண்ணீர் முடிகிற இடத்தில் ஒரு குச்சி, கால் மணி நேரம் கழித்து முடிகிற இடத்தில் இன்னொரு குச்சி என்று நடச் சொன்னார். குச்சிகள் ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் தள்ளிப் போயின. கடல் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், பேக்டரி ஷிப்ட் மாதிரி என்றார். அடுத்து ஆரஞ்சுப் பழம். ஆளுக்கு ஒன்றைத் தண்ணீரில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று எழுத வேண்டும். மூன்றாவது பழம் என்னுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முறைக்காகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் டீச்சர் எங்களைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்சாப் குழுவில் போட்டிருக்கிறார். மூளை என்று ஒன்று இருந்திருந்தால் நான் பின்வரிசையில் நின்றிருப்பேன். முன்வரிசை நடுவில் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன்.

சாலையோரம் மாமாவின் லோரி வந்து நின்றது. அம்மா கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் குதித்து இறங்கினாள். பின்னால் வந்த மாமாவின் முகம், ஜாசினிலிருந்து வாங்கிக்கொண்டே வந்த திட்டில் சுண்டிப் போயிருந்தது. "ஏய், வாடி இங்க!" என்று கத்தினாளே தவிர, அம்மா மணலில் கால் வைக்கவில்லை. செத்தேன் என்று நினைத்தேன்.

டீச்சர்தான் ஓடினார். "மன்னிச்சிருங்கக்கா, ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. முட்டிக்கு மேல யாரையும் எறக்கலக்கா. கயிறு கட்டியிருக்கோம். இப்ப தண்ணி எறங்குற நேரம், அதப் பாத்து வச்சித்தான் வந்தோம்."

"எறங்குறதுக்குன்னு நேரம் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

டீச்சர் குச்சிகளைக் காட்டி, எங்களுக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னார். அம்மா குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கி, பசாரில் பேசுகிற அம்மா மாதிரியே இல்லாமல் பேசினாள்.

"இவ அப்பா அஸ்திய இங்கதான் கரைச்சோம் டீச்சர். தம்பிதான் இடுப்பளவு தண்ணியில போயி அஸ்தியையும் பூமாலையையும் விட்டான். அவன் கரை ஏறுறதுக்குள்ள மாலை திரும்பி வந்து என் காலடியில கெடந்துச்சி. அவருக்குப் போக மனசில்ல, மகளக் கூப்பிடுறாரு, புள்ளையத் தண்ணிப் பக்கம் விடாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆறு வருசமாச்சி."

டீச்சர் அவசரப்படவில்லை. "அன்னிக்குத் தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சிக்கா, ஞாபகம் இருக்கா?"

மாமா முன்னால் வந்து ஒரு பாறையைக் காட்டினார். "வந்தப்ப அந்தப் பாறைக்குக் கீழ. நாங்க கெளம்புறப்ப பாறையே தெரியல."

"அப்ப ஏறுற நேரம்க்கா. அந்த நேரத்துல யாரு எத விட்டாலும் கரைக்குத்தான் கொண்டாந்து தள்ளும். நீங்க வீட்டுக்குப் போனதும் எறங்க ஆரம்பிச்சிருக்கும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

"போயிருக்குமா?"

"போயிருக்கும்க்கா."

அம்மா மணலில் இறங்கினாள். நேராக என்னிடம் வந்தாள். அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் கையிலிருந்த பழத்தை எடுத்துக்கொண்டு, செருப்போடு முட்டியளவு தண்ணீருக்குள் போனாள். பழத்தைக் கண்ணில் ஒற்றித் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்சம் தயங்கிவிட்டு வெளியே போக ஆரம்பித்தது. கண்ணுக்கு மறைகிறவரை அம்மா அங்கேயே நின்றாள். அழுதாள். நான் பொய் சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, இனிமேல் பொய் சொல்லமாட்டேன் என்று நானும் அழுதேன். அம்மா ஈரக்கையால் என் முகத்தைத் துடைத்து, "பாடத்த முடிச்சிட்டு பஸ்ஸுலயே வா" என்று சொல்லிவிட்டு லோரிக்குப் போனாள்.

அந்த டீச்சர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் அன்று அம்மா சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அம்மா என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள், எங்கள் வீட்டில் கடல் என்ற பேச்சே செத்திருக்கும். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்வது போலப் பதில் சொன்னார். அதற்கு நான் என்ன செய்து நன்றிக்கடன் தீர்ப்பேன்? திட்டு விழும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும்தான்.

இதெல்லாம் இன்றைக்கு வாய் கிழியப் பேசுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது ஆத்திரம்தான். திங்கட்கிழமை டீச்சர் பலகையில் பழங்களின் கணக்கை எழுதினார். எல்லாவற்றிலும் மூன்றாவது பழம்தான் அதிக தூரம் போயிருந்தது. அதற்கு நேராக, விட்டவர் என்ற இடத்தில், அம்மாவின் பெயரை எழுதினார். எங்கள் பள்ளியிலேயே படிக்காத ஒருவரின் பெயரை எப்படி எழுதலாம் என்று எழுந்து சண்டை போட்டேன். டீச்சர் சிரித்தாரே தவிர அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடமே முறையிட்டேன், டீச்சரிடம் சொல்லி மாற்றச் சொல், அது என் பழம் என்று.

"அது ஒன் பழம் இல்லடி, என்னோடது" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.